எஸ்தர் மேடம் தேடிய முனுசாமி

அன்று காலை கன்டெய்னர் ஒன்றை அனுப்பிவிட்டு நம் ஷூ கம்பெனி கேட்டருகே நின்றிருந்தேன். செக்கிங் லைனில் வேலை பார்க்கும் ஷாகிரா போன் செய்தாள். "எஸ்தர் மேடம் போய்ட்டாங்க சார்" என்றாள். "இப்பதானே ஷிப்ட் ஆரம்பிச்சுது, எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டேன். "லீவு சொல்லிட்டுப் போனாங்களா?" என்று மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் அவள் அழுவது காதில் விழுந்தது. வீட்டில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். வயது ஐம்பத்தைந்து. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவர் இறந்த செய்திக்கு நான் கேட்டது லீவைப் பற்றி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கூட வேலை பார்த்த உங்களில் பலருக்கு எஸ்தர் மேடத்தைச் செக்கிங் டேபிளில்தான் தெரியும். ஷூவின் மேல்பாகத்தைக் கையில் எடுத்து, விளக்குக்கு நேரே ஒருமுறை திருப்பினாலே எந்த மெஷினில் தைத்தது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர் வரும் நாளில், ஒரு லாட் முழுவதிலும் தோலின் நிறம் லேசாக மாறியிருந்தது. மேனேஜர் அவசரப்படுத்தினார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பயந்துபோய் எல்லா அட்டையிலும் 'ஓகே' என்று எழுதிவிட்டாள். எஸ்தர் மேடம் அத்தனை அட்டைகளையும் பிடுங்கிக் கிழித்தார். "தெரியலன்னா தெரியலன்னு எழுது. தெரியாதத ஓகேன்னு எழுதாத" என்றார். மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். இந்த வாசகத்தை நம் லைனில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. அவரைப் பற்றி எழுதும்போது எனக்கு வரும் குழப்பமெல்லாம் இந்த வாசகத்திலிருந்துதான் வருகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஏற்றுமதிப் பிரிவில் இருப்பவன். இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய அப்பா இறந்தார். பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தவர், மதிய சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே பழைய ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டத் தகடு. ஓரத்தில் துளை. நடுவில் எழுத்துகளும் எண்களும் குத்தியிருந்தன. பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. எண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அப்பா பெட்டியில இருந்துச்சு சார். எங்க தாத்தாவோடது. இது இன்னா நம்பர்னு பாத்துச் சொல்றீங்களா?"

அவருடைய தாத்தா பெயர் யோசேப்பு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டாளத்திலிருந்து தனியாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் எடுத்தார், கல்யாணம் செய்துகொண்டார். சொந்த ஊர் எது, அப்பா அம்மா யார் என்று கேட்டால், "எனக்கு யாரும் இல்ல" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பட்டாளத்தைப் பற்றியும் அவர் சொன்னது கம்மிதான். "எங்களுக்குத் துப்பாக்கி குடுக்கல. மம்பட்டி குடுத்தாங்க" என்று மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். பர்மாவில் மழையில், மலையில், சேற்றில் ரோடு போட்டதாகச் சொல்வாராம். "கம்பெனில இருந்தேன்" என்பாராம். ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குக் கம்பெனி என்றால் ஷூ கம்பெனிதான். எஸ்தர் மேடமும் பத்து வயது வரை, பர்மாவில் ஏதோ ஷூ கம்பெனி இருந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அது பட்டாளத்துக்காரர்கள் கழுத்தில் மாட்டும் அடையாளத் தகடு. அதை வைத்து அந்தக் கம்பெனி எது என்று தேடத் தொடங்கினோம். சண்டை போடாத, ரோடும் பாலமும் போட்டு மூட்டை இறக்கிய படைப்பிரிவு. பயனியர் என்று பெயர். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நிறையப் பேரை அதில் சேர்த்திருக்கிறார்கள். போரில் இறந்தவர்களின் பெயர்களைத் தொகுத்துவைத்திருக்கும் இணையப் பட்டியல் ஒன்று உண்டு. தாத்தா திரும்பி வந்தவர், அதில் இருக்க மாட்டார் என்று தெரிந்தும், அவருடைய கம்பெனிக்காரர்கள் யாராவது கிடைப்பார்களா என்று தகட்டில் இருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன்.

கிடைத்தது. அதே எண். பெயர் முனுசாமி. ஊர் விரிஞ்சிபுரம். மனைவி பெயர் குப்பம்மாள். பர்மாவில் இறந்தார், கல்லறை இல்லை, நினைவுச் சுவரில் பெயர் இருக்கிறது.

எஸ்தர் மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எங்க தாத்தா யாரு சார்?" என்றார்.

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். யோசேப்பு என்ற பெயரில் ஆம்பூரில் வாழ்ந்தவரே அந்த முனுசாமியாக இருக்கலாம். அப்படியென்றால் அவர் சாகவில்லை; படையிலிருந்து ஓடிவந்திருக்கிறார்; மனைவியை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்திலேயே இன்னொரு குடும்பம் நடத்தியிருக்கிறார். இல்லையென்றால் அவர் வேறு ஆள். கூட வேலை செய்த முனுசாமி செத்தபோது, வீட்டில் கொடுப்பதற்காகத் தகட்டை எடுத்து வந்திருக்கிறார். கடைசி வரை கொடுக்கவில்லை. இதைச் சொன்னபோது எஸ்தர் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டுல எது சார் கம்மியான தப்பு?"

சர்ச்சுக்குப் போய்ப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தோம். யோசேப்பு என்ற பெயருக்கு நேரே ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயரை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. 'பட்டாளத்திலிருந்து வந்தவர்' என்று மட்டும் ஒரு குறிப்பு. படையின் பழைய ஆவணங்களைக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த எண்ணுக்குரியவர் இறந்துவிட்டார், மேற்கொண்டு விவரம் இல்லை என்று இருந்தது. எஸ்தர் மேடம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரி, நேர்லயே போய்ப் பாத்துரலாம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினோம். ஹைவேயில் இறங்கி ஊருக்குள் நடந்தோம். மார்கபந்தீஸ்வரர் கோயில் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவரிடம், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத முனுசாமி வீடு எது என்று கேட்டேன். எண்பது வருடக் கதையை நேற்று நடந்ததுபோல் கேட்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. அவர் யோசிக்கவே இல்லை. "தனம்மா வீடா? அந்தத் தெருவுல கடைசி" என்று கைகாட்டினார்.

தனம்மாள் முனுசாமியின் மகள். ஒரே பிள்ளை. அப்பா பட்டாளத்துக்குப் போனபோது கைக்குழந்தை. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, கொழுந்தன் மகன்கள் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். எஸ்தர் மேடம் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தகட்டை அவர் கையில் வைத்தார். பிறகு யோசேப்புத் தாத்தாவின் ஒரே போட்டோவைக் காட்டினார். தனம்மாள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு எங்க அப்பா மூஞ்சே தெரியாதேம்மா. நீ யாரு படத்த காட்டினாலும் நான் ஆமான்னுதான் சொல்லுவேன்" என்றார்.

"உங்க அம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"தந்தி வந்துச்சு, செத்துட்டாருன்னு. எங்கம்மா பொட்ட அழிக்கல. ஊரே பேசுச்சு. சாகற வரைக்கும் பொட்டோடதான் இருந்துச்சு. ஏன்னு கேட்டா, 'நான் பாக்கலயே'ன்னும்."

எனக்கு அது ஒரு சான்றுபோலத் தோன்றியது. ஆனால் எதற்குச் சான்று? அவர் உயிரோடு இருப்பது குப்பம்மாளுக்குத் தெரிந்திருந்ததா? அல்லது பார்க்காத சாவை நம்ப மறுத்த ஒரு பெண்ணின் பிடிவாதமா? இரண்டுக்கும் பொருந்தியது. கிளம்பும்போது தனம்மாள் எஸ்தர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்திருந்தா அவரு நல்லவரு. உசுரோட இருந்திருந்தா எங்கள விட்டுட்டவரு. எனக்கு எது வேணும்னு எனக்கே தெரியல. ஆனா நீ மறுபடி வா" என்றார். தகட்டைத் திருப்பித் தரவில்லை. எஸ்தர் மேடமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அவர் விரிஞ்சிபுரம் போய்வந்தார். நான் கூடப் போகவில்லை. ஆம்பூர் பிரியாணியை எடுத்துப் போய், அங்கே கறி சாப்பிட மாட்டார்கள் என்று தெரிந்து அசடு வழிந்த கதையை அவரே லைனில் சொல்லிச் சிரித்திருக்கிறார். மறுமுறை மைசூர்பாகு வாங்கிப் போனார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் டேவிட், டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் என்று சொல்லி அதற்கான பெட்டியை வாங்கி அனுப்பினான். பஞ்சு சுற்றிய குச்சியால் எஸ்தர் மேடமும் தனம்மாளும் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்து, தனித்தனிக் குழாயில் போட்டு அனுப்ப வேண்டும். படிவத்தை நான்தான் நிரப்பினேன். கவரில் முகவரி எழுதியதும் நான்தான். "நானே கூரியர்ல போட்டுர்றேன் சார்" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த நாட்களில் எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். யோசேப்புதான் முனுசாமி என்று முடிவே கட்டிவிட்டேன். சாகாத ஒருவரின் பெயர் இறந்தவர்கள் சுவரில் இருக்கிறது, திருத்த வேண்டும் என்று ஒரு கடிதத்தைத் தயார் செய்து அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "திருத்தினா இன்னா செய்வாங்க? பேர எடுத்துடுவாங்களா?"

"ஆமா, எடுத்துடுவாங்க."

"ஓ" என்றார்.

மூன்று வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்து போகும்போது என் மேஜையருகே நின்றார். "ரிசல்ட் வந்துச்சு சார். ஒட்டல. அவரு வேற, இவரு வேற. அந்த லெட்டர விட்டுடுங்க" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். செக்கிங் டேபிளில் அவருடைய கையெழுத்தை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை.

அவருடைய அடக்கத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. கம்பெனியிலிருந்து இரண்டு வண்டியில் வந்திருந்தோம். பதினோரு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. கொழுந்தன் மகன்கள் இருவரும் தனம்மாளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அவர் பெட்டியின் மேல் விழுந்து, "என் தம்பி மவளே, அத்தைய விட்டுட்டுப் போய்ட்டியே" என்று ஒப்பாரி வைத்தார். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சர்ச்சுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். தம்பி மகளா? அத்தையா? அவரை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு கொழுந்தன் மகன்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். "டெஸ்ட்ல ஒட்டிடுச்சுன்னு சொன்னாங்களாமே, நெசமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தனம்மாள் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்த சாரத்தான் கேளு. அவரும்தானே கூட வந்தாரு. சார், எஸ்தர் சொன்னது நெசந்தானே? எங்கப்பாதானே அவரு?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது, ஒட்டவில்லை என்பது. எஸ்தர் மேடமே சொன்னது. அவர் பக்கத்திலேயே பெட்டிக்குள் படுத்திருந்தார். "நெசந்தாம்மா" என்றேன்.

பொய் சொன்னேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன். அதைவிடப் பெரிய குழப்பம் எஸ்தர் மேடத்தைப் பற்றி. தெரியாததை ஓகே என்று எழுதாதே என்று அட்டைகளைக் கிழித்தவர், ஒட்டவில்லை என்று தெரிந்துகொண்டே ஒரு வயதான பெண்ணிடம் ஒட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறாரா? இல்லை, என்னிடம் சொன்னதுதான் பொய்யா? அவருக்கு நான் அவ்வளவு நம்பிக்கை இல்லாதவனாகவா போய்விட்டேன்? சில நாள் அவர்மேல் கோபமாகக்கூட இருந்தது. செத்தவர்மேல் கோபப்படுவது எவ்வளவு பேஜாரான விஷயம் என்று அப்போது தெரிந்தது.

பத்து நாள் கழித்து டேவிட் கூப்பிட்டான். அம்மாவின் பீரோவில் ஒரு கவர் இருக்கிறது, என் கையெழுத்து மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் அங்கிள் என்றான். போய்ப் பார்த்தேன். நான் முகவரி எழுதிய அதே கவர். ஒட்டியபடியே இருந்தது. உள்ளே இரண்டு குழாய்கள் இருப்பது தடவினால் தெரிந்தது. அனுப்பவே இல்லை. என்னிடம் ஒட்டவில்லை என்று சொன்னதற்கும் ஆதாரம் இல்லை, தனம்மாளிடம் ஒட்டிவிட்டது என்று சொன்னதற்கும் ஆதாரம் இல்லை. நான் சொன்னது பொய்தானா என்பதுகூட எனக்கு இப்போது தெரியாமல் போயிற்று.

"அனுப்பிடலாமா அங்கிள்?" என்று டேவிட் கேட்டான். அதில் பாதி தனம்மாளுடையது, அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றேன். இருவரும் கவரை எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் போனோம். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தனம்மாள் டேவிட்டைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினார். நான் கவரை நீட்டி, தயங்கித் தயங்கி, இது அனுப்பப்படவே இல்லை என்று சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார் அவர்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

"இத எடுத்துனு இங்கதான் வந்தா. 'அனுப்பட்டுமா, வேணாமா, நீங்களே சொல்லுங்க'ன்னா. ஆமான்னு வந்தா எங்கம்மாவ நெனச்சு அழணும். இல்லன்னு வந்தா இவ வர மாட்டா. அப்புறம் அவளே, 'நான் உங்கள அத்தைன்னு கூப்பிடட்டுமா'ன்னு கேட்டா. கூப்பிடுன்னேன். அப்புறம் எதுக்கு சார் அனுப்பணும்? எங்க கொழுந்தன் பசங்கதான் யாரு எவருன்னு தொளைச்சு எடுத்தானுங்க. அதுக்குத்தான் ஒட்டிடுச்சுன்னு சொல்லி வெச்சோம்."

"அன்னிக்கு என்கிட்ட நெசமான்னு கேட்டீங்களேம்மா?"

"நாலு பேர் எதிர்ல நீ சொல்லணும்னுதான் கேட்டேன்."

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். "எழுது. இந்த வயசுல என்ன யாரு இன்னா சொல்லிடப் போறாங்க?" என்றார். டேவிட் அவரை ஆயா என்று கூப்பிட்டு விடைபெற்றான். அவன் அடுத்த மாதமும் போவதாகச் சொல்லியிருக்கிறான். வாசல் வரை வந்த தனம்மாள் அந்தக் கவரை என் கையில் திணித்தார். "இத நான் வெச்சுக்குனா ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் அனுப்பச் சொல்லுவேன். நீயே வெச்சுக்கோ" என்றார்.

எஸ்தர் மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அலுவலக மேஜையில் என் டிராயரில் இருக்கிறது. யோசேப்பு யார் என்று எனக்குத் தெரியாது. நினைவுச் சுவரில் இருக்கும் முனுசாமிக்காக வருத்தப்படுவதா, அவர்மேல் கோபப்படுவதா என்றும் தெரியாது. என்னிடம் மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று சொன்னார் என்பதற்கு மூன்று காரணங்கள் யோசித்துவைத்திருக்கிறேன். ஒரு நாள் ஒன்று சரி என்று படுகிறது, மறுநாள் இன்னொன்று. என்னை உறுத்துவது மூன்றாவதுதான்: நான் அவசரக்காரன், சுவரிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லும் அந்தக் கடிதத்தை அனுப்பியே தீருவேன் என்று அவர் பயந்தார் என்பது. அதுதான் உண்மையாக இருக்கும் என்று தோன்றும் நாட்களில் டிராயரைத் திறக்காமலே வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.